பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்

அம்மா தலைமுறையில் இரண்டு பிள்ளை பெற்றவளிடம் கர்ப்பத்தடை விஷயத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: "பண்ணியாச்சா?" ஆபரேஷனைத்தான் சொல்கிறார்கள் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. இரண்டாவது பிரசவம், மிஞ்சினால் மூன்றாவது. பிள்ளை பிறந்த இரண்டாம் மூன்றாம் நாள், அதே ஆஸ்பத்திரியில் கருக்குழாயைக் கட்டி, தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுக்குள் அவள் கணக்கு முடிந்தது.

அதற்கு முன்னால், முதல் பிள்ளைக்கும் அடுத்ததுக்கும் நடுவே? பால் கொடுக்கும்வரை தங்காது என்பார்கள். பிள்ளைக்கு வேறெதுவும் தராமல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால், முதல் ஆறு மாதத்துக்கு அது ஓரளவு சரிதான். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சோறும் ஊட்டிக்கொண்டு அதையே நம்பியிருந்தவர்கள்தான் அடுத்த வருடம் மசக்கையோடு உட்கார்ந்தார்கள். நாள் தள்ளிப்போனால் எள்ளும் பப்பாளிக்காயும். அதுவும் பலிக்காவிட்டால் யாரிடமும் சொல்லாமல் பக்கத்து ஊருக்கு ஒரு பயணம். அதில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எந்த வீட்டிலும் பேசமாட்டார்கள்.

கர்ப்பத்தடை என்ற பேச்சே எழாத ஊர் அல்ல இது. 1930 வாக்கிலேயே பெரியார் இதைப் பற்றி எழுதிவிட்டார். மற்றவர்கள் வறுமை, உடல்நலம், நாட்டுப் பொருளாதாரம் என்று காரணம் சொன்னபோது, பெண் தன் இஷ்டப்படி வாழவேண்டும், அதற்காகத்தான் என்றார் அவர். பின்னால் வந்த அரசாங்கங்கள் கர்ப்பத்தடையை எடுத்துக்கொண்டன, அவர் சொன்ன காரணத்தை விட்டுவிட்டன. அவர்களுக்கு வேண்டியிருந்தது எண்ணிக்கை. 1952இல் மத்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1956இல் சென்னை ராஜ்ஜியம், ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. ஆள் கூட்டி வருகிறவருக்கும் பிறகு காசு கிடைத்தது. அந்தக் காலத்தில் மேசையில் படுத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை.

1965இல் லூப் வந்தது. நெளிநெளியான பிளாஸ்டிக் வளையம், நுனியில் நைலான் நூல். முகாம் போட்டு நூற்றுக்கணக்கில் பொருத்தினார்கள். பொருத்துவதற்குத்தான் முகாம். உதிரப்போக்கு நிற்காமல் போனாலோ இடுப்பு விட்டுப்போனாலோ யாரிடம் போய் எடுப்பது என்று கேட்டால் பதில் கிடையாது. வளையம் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற வதந்தி அந்த வெற்றிடத்தில்தான் முளைத்தது. ஜனங்களின் அறியாமை என்று அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடுக்க ஆள் இல்லாத பொருளை உடம்புக்குள் வைத்துக்கொள்ள எந்தப் பெண்தான் பயப்படமாட்டாள்?

1968இல் நிரோத், மூன்று 15 பைசா. சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம், "நாம் இருவர் நமக்கு இருவர்". பிறகு நெருக்கடி நிலை. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன்கள், அவற்றில் சுமார் 60 லட்சம் ஆண்களுக்கு. அந்தக் கொடுமை ஒரு ஆட்சியைக் கவிழ்த்தது. அதற்கப்புறம் எந்த அரசும் ஆண்கள் பக்கம் திரும்பத் துணியவில்லை. இலக்கு மட்டும் அப்படியே இருந்தது, அதைத் தீர்க்க வேண்டிய உடம்பு மாறியது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகவேண்டியவள் பெண்தானே.

இவ்வளவும் சொன்னாலும், அந்த ஆபரேஷனை முழுக்க வன்முறை என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. "பண்ணின அன்னைக்குத்தான்டி நிம்மதியாத் தூங்கினேன்" என்று சொல்லும் அத்தைகள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். மாதாமாதம் நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு நாள் எண்ணியவர்களுக்கு அது விடுதலை. 1990களின் தொடக்கத்திலேயே தமிழ்நாடு ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு பிள்ளை என்ற நிலையை ஏறக்குறைய எட்டிவிட்டது என்றால், இந்தப் பெண்களின் வயிற்றுத் தழும்பில் எட்டியதுதான் அது. 1992இல் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில்கூட, மகள் பேரில் அரசு வைப்புத்தொகை போடவேண்டுமானால் அப்பாவோ அம்மாவோ ஆபரேஷன் செய்துகொண்ட சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழில் எந்த வீட்டில் யார் பெயர் இருக்கும் என்பதைச் சொல்லவேண்டுமா என்ன.

இன்றைக்குத் துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மாவின் மேசையைப் பார்த்தால் கதை வேறு. மாலா-என்: இருபத்தொரு ஹார்மோன் மாத்திரை, ஏழு இரும்புச்சத்து மாத்திரை. 1960இல் அமெரிக்காவில் வந்த முதல் மாத்திரையில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது, இதில் 30தான். பக்கத்தில் சாயா. லக்னோ ஆய்வகத்தில் கண்டுபிடித்தது, ஹார்மோன் கிடையாது, பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, ஞாயிறும் புதனும் என்பதுபோல நாள் வைத்துக்கொண்டு. பிறகு வாரம் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தரா ஊசி. பத்து வருடத்துக்குக் காப்பர்-டி. எல்லாம் இலவசம். தனியார் டாக்டரிடம் போனால் ஹார்மோன் சுரக்கும் வளையமும் உண்டு. காப்பர்-டியில் உதிரப்போக்கு கூடுகிறவர்களுக்கு இதில் குறையும், சிலருக்கு நின்றேவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஜவுளிக்கடையில் வேலை. முதல் பிரசவம் முடிந்த சூட்டிலேயே காப்பர்-டி வைத்துவிட்டார்கள். முன்கூட்டியே கேட்டு, சம்மதம் வாங்கித்தான் வைக்கவேண்டும். இவளுக்கு வலியின் நடுவே ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டது மட்டும் நினைவிருக்கிறது. மாதவிலக்கு எட்டு நாள், பத்து நாள் என்று நீண்டது. கடையில் நாள் பூராவும் நிற்கவேண்டும், உட்கார ஸ்டூல் கிடையாது. எடுத்துவிடுங்கள் என்று போனால், "பத்து வருஷம் இருக்குமே, இன்னும் ரெண்டு மாசம் பாரும்மா, பழகிடும்" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவையும் அதே பதில். மூன்றாம் தடவை, "எழுதிக் குடுங்க, எடுக்க மாட்டோம்னு" என்றாளாம். அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அம்மா தலைமுறையில் யாருக்கும் வராத வாக்கியம் அது.

பிறகு சாயா. வாரம் ஒன்று என்ற கட்டத்துக்கு வந்ததும் மறக்க ஆரம்பித்தாள். தினமும் சாப்பிடுவதாவது பழக்கத்தில் வந்துவிடும், வாரத்துக்கு ஒன்று எப்படி ஞாபகம் இருக்கும் என்பது அவள் கட்சி. ஊசிக்கு மாறினாள். அதில் திட்டுத்திட்டாகக் கறை, அப்புறம் மாதவிலக்கே காணோம். வராமல் நின்றால் கெட்ட ரத்தம் உடம்பில் தேங்கும் என்று மாமியார் மிரட்ட, அப்படி எதுவும் தேங்காது என்று நர்சம்மா வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று முடிவானபோது ஊசியை நிறுத்தினாள். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க ஏழெட்டு மாதம், சிலருக்குப் பத்து மாதம்கூடப் பிடிக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இன்னும் முன்னாலேயே நிறுத்தியிருப்பாள். மாத்திரையோ ஊசியோ கொடுக்கிறவர்கள், அடுத்ததுக்கு எப்போது எப்படி மாறுவது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டாமா? இங்கேதான் நாம் இன்னும் பழைய காலத்தில் இருக்கிறோம்.

இன்னும் சில இடங்களிலும் அப்படித்தான். ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் போடவேண்டிய அவசர மாத்திரையை, டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005இலேயே சொல்லிவிட்டது. சென்னையில் கடை கடையாக ஏறிக் கேட்டுப்பாருங்கள்: "நாங்க வைக்கிறதில்ல மேடம்." கேட்ட பெண்ணின் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று ஒரு பார்வை வேறு. ஆபரேஷனுக்குக் கணவன் கையெழுத்து தேவையில்லை என்பதுதான் விதி. கேட்காத ஆஸ்பத்திரியைத் தேடவேண்டும்.

அரசின் கணக்கும் இப்போது திசை மாறிவிட்டது. மக்கள்தொகையை வைத்துத் தொகுதிகளை மறுவரையறை செய்தால் எம்.பி. இடங்கள் குறையும் என்ற கவலையில், 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் பேசிய அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின், புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். போதும் என்றதும் அரசியல்தான், பெறு என்பதும் அரசியல்தான். பெரியார் சொன்ன காரணம் அன்றும் மேடையில் இல்லை, இன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் இன்றும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆணுக்கு வயிற்றைத் திறக்கத் தேவையில்லை, தையல்கூட இல்லை, பத்துப் பதினைந்து நிமிட வேலை. மூன்று மாதம் கழித்து ஒரு பரிசோதனை. ஆனாலும் "வண்டி ஓட்டுற மனுஷன், அவருக்குப் போய்" என்று வீட்டிலுள்ள பெண்களே முதலில் தடுக்கிறார்கள்.

ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு இரண்டாவதும் பிறந்து ஒன்றரை வயது ஆகிறது. போன மாதம் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார்கள். ஆண்களுக்கான ஆபரேஷனைப் பற்றிப் புருஷன்தான் கேட்டிருக்கிறார். டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, நீ பண்ணிக்க மாட்டியா?" என்றாராம். "எனக்குத்தாங்க கேட்டேன்" என்று அவர் இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது.