உலர்கனிச் சரக்கு – 9: ஜர்தாலுக் கொட்டை

சென்ற வாரம் பேரீச்சையை முடித்து, இந்த வாரம் அத்திக்குப் போவதென்றுதான் உத்தேசித்திருந்தேன். ஆனால் லடாக்கில் ராணுவ உத்தியோகம் பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் விடுப்பில் பீளமேட்டுக்கு வந்தபோது கொடுத்துச் சென்ற சிறு துணிப்பை, அந்த உத்தேசத்தைக் கலைத்துவிட்டது. பையிலிருந்தது, டவுன்ஹால் பக்கத்துக் கடைகளில் செம்மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் ஏப்ரிகாட் அன்று. பழம்புளியைப் போல் கறுத்துச் சுருங்கி, உள்ளே கொட்டையோடு இறுகிக் கிடந்த சரக்கு. கடைப் பழத்துக்குக் கந்தகப் புகை காட்டுவதால் அதன் நிறம் நிற்கிறது. புகை காணாமல் கூரைமேல் வெயிலில் காய்ந்தது தன் சுபாவப்படி கறுத்துவிடுகிறது.

"இதென்ன கண்ணு, புளியாட்ட இருக்குது?" என்று ஒன்றை எடுத்து வாயில் போட்ட என் அமுச்சி (தாய்வழிப் பாட்டி), கால்மணி நேரம் அதை ஒதுக்கி வைத்துச் சுவைத்தபின், கொட்டையைக் கழுவி, அம்மியின் ஓரத்தில் நிமிர்த்தி வைத்துக் குழவியால் ஒரு தட்டுத் தட்ட, பாதாமைப் போன்றே, ஆனால் இன்னும் சிறியதாய், ஒரு பருப்பு வெளிவந்தது. பஞ்சு போன பின்னும் பருத்திக்கொட்டையை ஆட்டி மாட்டுக்குப் பாலாகக் காட்டி, ரங்கவிலாஸ் மில் சங்குக்குப் பொழுது கணித்து வாழ்ந்தவளுக்குக் கொட்டையை வீச எப்படி மனம் வரும்?

ஹைதராபாத்துக்காரர்களும் வீசுவதில்லை. குபானி என்று அவர்கள் வழங்கும் இப்பழத்தை இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரிலேயே சர்க்கரையிட்டுக் குழைய வேகவைத்து, எடுத்த கொட்டைகளை உடைத்துப் பருப்பை மேலே தூவி, பாலாடையுடன் கல்யாண விருந்தில் பரிமாறுகிறார்கள். பார்சிகள் ஜர்தாலு என்று தாங்கள் அழைக்கும் இதே பழத்தை ஆட்டிறைச்சிக் குழம்பிலேயே சேர்த்து, பொரித்த உருளைக்கிழங்குக் குச்சிகளை மேலே குவிப்பார்கள். இனிப்பும் காரமும் கலந்த அந்தப் பதார்த்தத்தில் எனக்கு அவ்வளவு ருசி தட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆயினும் கொட்டையின் பெருமையை முழுதும் அறிந்தவர்கள் லடாக்கியரே. அவர்களுடைய 'ரக்சே கார்போ' என்ற ஜாதி, பெயருக்கேற்ப வெள்ளைக் கொட்டையும் தித்திக்கும் பருப்பும் உடையது; 2022-ஆம் ஆண்டின் முடிவில் புவிசார் குறியீடும் பெற்றது. கசப்புப் பருப்பையோ அரைத்துப் பிசைந்து எண்ணெய் எடுத்து, தலைக்கும் விளக்குக்கும் உபயோகிக்கிறார்கள். அந்தக் கசப்புக்குக் காரணமான அமிக்டலின் என்ற வஸ்து, வயிற்றுக்குள் போனால் சயனைடாக மாறும் விஷம். எனவே கசக்கும் பருப்பைத் துப்பிவிடுவதே உத்தமம்.

இதையெல்லாம் நான் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டு வர, அமுச்சி இடைமறித்து, "எண்ண எடுத்துப்போட்டுப் புண்ணாக்க மாட்டுக்கு வெப்பாங்களா?" என்று கேட்டாள். விஷம் எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுவதால், அதை அப்படியே வைக்கக்கூடாது என்றேன்.

"அப்படின்னா நம்ம பருத்திக்கொட்டையே தேவல," என்று சொல்லி, அடுத்த கொட்டையை அம்மியில் நிறுத்தினாள்.