டெங்குவும் உடலின் நோயெதிர்ப்பும்

டெங்குக் காய்ச்சல் ஏடிஸ் கொசுவால் பரவும் வைரஸ் நோயாகும். 1780-ஆம் ஆண்டிலேயே சென்னையில் டெங்குவை ஒத்த காய்ச்சல் பரவியதாகப் பதிவு உள்ளது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற வடசென்னைப் பகுதிகளில், மூடாத குடங்களிலும் டிரம்களிலும் சேமிக்கும் நல்ல நீரும், மழைக்காலத்தில் பழைய டயர்களில் தேங்கும் நீரும் இக்கொசு முட்டையிட ஏற்றவை.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. நான்கும் இந்தியாவில் காணப்படுகின்றன. வைரஸ் நுழைந்த செல்கள் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரந்து அண்டைச் செல்களை எச்சரிக்கின்றன. சில நாட்களில் பி செல்கள் எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. டி செல்கள் தொற்றிய செல்களை அழிக்கின்றன. தொற்றிய வகைக்கு எதிரான பாதுகாப்பு பல ஆண்டுகள் நீடிக்கும். மற்ற வகைகளுக்கு எதிராகச் சில மாதங்களே நிற்கும்.

அதன்பின் வேறு வகை தொற்றினால், பழைய எதிர்ப்பொருள்கள் அதனுடன் ஒட்டிக்கொண்டும் அதைச் செயலிழக்கச் செய்யாமல், வெள்ளையணுக்களுக்குள் நுழைய வழிவிடக்கூடும். இதனால் இரண்டாம் தொற்று கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அப்போது மிகையாகச் சுரக்கும் சைட்டோகைன்கள் இரத்த நுண்குழாய்களைக் கசியச் செய்கின்றன, தட்டணுக்களும் குறைகின்றன.

இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும்போதே தொடங்குகிறது. எனவே காய்ச்சல் விட்ட பின்னும் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வடசென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையும் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன. ஆஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.