காரைக்காலில் ஏன் பவளம் வளர்வதில்லை?

அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் ஐப்பசி, கார்த்திகையில் போய் நின்றால் விடை கண்ணெதிரே கலங்கிக் கிடக்கும். காவிரியின் கிளையாறுகள் காலங்காலமாக இந்தக் கரையில் வண்டலையும் நன்னீரையும் கொட்டுகின்றன. வயலுக்கு உயிரான அந்த இரண்டும் பவளத்துக்கு ஆகாது. அதற்குத் தெளிந்த, வெதுவெதுப்பான, ஆழங்குறைந்த உப்புநீர் வேண்டும். பற்றிக்கொள்ளக் கெட்டியான தரை வேண்டும். ஆகவே கோடியக்கரையைத் தாண்டி மண்டபம், ராமேசுவரம் பக்கம் போனால்தான் பவளப்பாறை. அங்கிருந்து தூத்துக்குடிவரை 21 தீவுகளைச் சூழ்ந்து அது பரவியிருக்கிறது. மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது.

பாறை என்கிறோம், கட்டியது உயிர். பெரும்பாலும் சில மில்லிமீட்டரே உள்ள பவள உயிரிகள் உடம்புக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்து, அவை வெயிலில் ஆக்கித் தரும் உணவை உண்டு, சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொள்கின்றன. நீர் சூடேறினால் பாசி வெளியேறுகிறது, பவளம் வெளுக்கிறது. வெப்பம் தணியாவிட்டால் பட்டினியில் சாகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் இப்படிப் பெருமளவில் வெளுத்தது.

அந்த வீட்டின் சந்துபொந்துகளில் இருப்பவர்களைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. மீனின் செவுளுக்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும் இறால் உண்டு. மணலை விழுங்கி, அதிலுள்ள அழுக்கைச் செரித்து, சுத்தமான மணலாக வெளியேற்றும் கடல் அட்டை உண்டு. உழவனுக்கு மண்புழு எப்படியோ, கடலுக்கு அது அப்படி.

எனக்கு மிகவும் பிடித்தது கடல்குதிரை. குதிரை முகம் இருந்தாலும் அது மீன்தான். வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமந்து குஞ்சு பொரிப்பது ஆண். நீந்தும் வலு குறைவு. கடற்புல்லையோ பவளத்தையோ வாலால் பிடித்துக்கொண்டு, அருகே வரும் சிற்றுயிரை உறிஞ்சும். பிடித்த இடத்தை எளிதில் விடாது. அதனாலேயே இழுவலை வந்தால் தப்ப முடிவதில்லை. காய வைத்து மருந்துக்கென்று வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள்.

பவளமில்லாத சோழமண்டலக் கரையிலும் கடல்குதிரை உண்டு. மற்ற மீனோடு வலையின் மடியில் ஏறிவிடும். 2001-இல் கடல்குதிரையும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிடிப்பதும் விற்பதும் குற்றம். காரைக்கால் மீனவ உறவுகளே, மடியைக் கொட்டும்போது இவற்றில் ஒன்று உயிரோடு கிடைத்தால், மற்ற மீனைப் பிரிப்பதற்கு முன்பே அதைக் கடலில் விட்டுவிடுங்கள்.