முன்பணம் ஒரு லட்சம், முடங்குவது ஓர் ஏக்கர்!

பூந்தமல்லியை அடுத்த ஒரு கிராமத்துக்கு மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். ஓர் ஏக்கரில் பாதி கத்தரி, மீதி தரிசு. மண்வெட்டியை வாங்கி ஓரமாக வைத்த விவசாயி, மடியிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தார்.

"மண்ணு எங்க போயிடப் போவுது சார். இதக் கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க."

அது கிரய ஒப்பந்தத்தின் வரைவு. சென்ட் 3 லட்சம் ரூபாய், முன்பணம் ஒரு லட்சம், கெடு 11 மாதம். கீழே ஒரு வரி: 'தன் பெயருக்கோ, தான் குறிப்பிடும் நபர் பெயருக்கோ கிரயம் செய்து கொடுக்க வேண்டியது.'

"வாங்கறவர் யாருங்க ஐயா?" என்று கேட்டேன்.

"இவருதான் சார். நல்ல மனுசன். பொண்ணு கல்யாணம்னு சொன்னதும் உடனே அட்வான்ஸ் தரேன்னுட்டாரு."

அந்த நல்ல மனுசர் நிலத்தை வாங்க வரவில்லை. 'தான் குறிப்பிடும் நபர்' என்ற வரியே அதைச் சொல்லிவிடுகிறது.

வாங்காமலே விற்பவர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு இது புதிதல்ல. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும், பூந்தமல்லி மெட்ரோ ரயில் பணியும் நிலத்தின் மீது எல்லோர் கண்ணையும் திருப்பிவிட்டன. இங்கே தரகரில் இரண்டு வகை. ஒருவர் இருதரப்பையும் சேர்த்துவைத்து கமிஷன் வாங்குபவர். மற்றவர் குறைந்த முன்பணத்தில் ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தையே மனைப்பிரிவு போடும் புரோமோட்டருக்குக் கூடுதல் விலைக்குக் கைமாற்றுபவர். இடையில் உள்ள வித்தியாசம்தான் அவர் லாபம்.

அமெரிக்காவில் இத்தொழிலுக்கு 'ஹோல்சேலிங்' என்று பெயர். அங்கே இல்லினாய் மாநிலம் 2019-ல் சட்டத்தைத் திருத்தி, 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் இப்படிக் கைமாற்றினால் உரிமம் வேண்டும் என்றது. நம் நாட்டில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (2016) முகவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால், அது பதிவுபெற வேண்டிய மனை, அடுக்குமாடித் திட்டங்களை விற்றுத் தருபவருக்குத்தான். வரப்பில் நின்று விவசாயியிடம் பேரம் பேசுபவர் பெரும்பாலும் அதற்குள் வரமாட்டார். எனவே, நம்மை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும்.

எந்த நிலத்தைத் தேடுகிறார்கள்?

அவர்கள் முதலில் பார்ப்பது மண்ணை அல்ல, அவசரத்தை. மகள் திருமணம், மருத்துவச் செலவு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, வெளியூரில் இருக்கும் உரிமையாளர், வில்லங்கச் சான்றில் தெரியும் அடமானம் ஆகியவைதான் தரகரின் துப்புகள். வயலே சொல்லும் துப்பும் உண்டு. சீமைக்கருவேலம் முளைத்த தரிசு, 'இவருக்கு இந்த நிலத்தால் வருமானம் இல்லை. கேட்ட விலைக்குக் கொடுப்பார்' என்று தூரத்திலேயே அறிவித்துவிடும்.

விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

தரகர் சொல்லும் விலையிலிருந்து பேரத்தைத் தொடங்காதீர்கள். மனை விற்கும் விலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட், அதாவது 43,560 சதுர அடி. சாலைக்கு 30 சதவீதம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு. ஆக, விற்கக்கூடிய மனை சுமார் 27,000 சதுர அடி.

அருகில் அங்கீகாரம் பெற்ற மனை சதுர அடி 3,000 ரூபாய்க்குப் போவதாகக் கொண்டால், மொத்தம் 8 கோடியே 10 லட்சம். சாலை, வடிகால், கட்டணங்கள், வட்டி, புரோமோட்டர் லாபம் என்று பாதியைக் கழித்தாலும் நிலத்துக்கு 4 கோடி நிற்கிறது. சென்ட் 4 லட்சம்! மூன்று லட்சத்துக்கு ஒப்பந்தம் போட்டால் ஏக்கருக்கு ஒரு கோடி இடையில் நிற்பவருக்குப் போகும். இவை எடுத்துக்காட்டு எண்கள்தான். உங்கள் ஊர் மனை விலையை விசாரித்து இதே கணக்கைப் போடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கும் வழிகாட்டி மதிப்பையும் பாருங்கள். ஆனால், அதைச் சந்தை விலை என்று நம்பிவிட வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

* கெடு: சிறிய முன்பணத்துக்கு 11 மாதம் கொடுப்பது, நிலத்தை இலவசமாகப் பூட்டி சாவியைக் கொடுப்பதற்குச் சமம். 60 முதல் 90 நாள் போதும். கெடு நீண்டால் முன்பணமும் உயர வேண்டும்.

* கைமாற்றும் உரிமை: 'தான் குறிப்பிடும் நபர்' என்ற வரியை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், கைமாற்றும்போது கிடைக்கும் கூடுதல் தொகையில் உங்களுக்கும் பங்கு என்று எழுதுங்கள்.

* பவர்: விற்பனை அதிகாரம் தரும் பவர் பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். பவர் வழியாக மட்டும் நில உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாக்கியது உண்மை. ஆனால், அந்தப் பவரை வைத்து உங்கள் சார்பில் முறையான கிரயமே செய்துவிட முடியும். பணம் பெற்றுக்கொண்டு கொடுத்த பவரை ரத்து செய்வதும் எளிதல்ல.

* பதிவு: தமிழகத்தில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்துக்கும், அசையாச் சொத்து தொடர்பான பவருக்கும் பதிவு கட்டாயம். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். கெடு முடிந்தும் ரத்து ஆவணம் பதியாவிட்டால் அடுத்தவர் வாங்கத் தயங்குவார். எனவே, ரத்துக்கான நிபந்தனையை முதலிலேயே எழுதுங்கள். பதியாத ஒப்பந்தம்தானே என்று அலட்சியம் வேண்டாம். அதை வைத்தும் வழக்குப் போடுகிறார்கள். 2018-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை நிறைவேற்ற உத்தரவிட மறுக்கும் வாய்ப்பு நீதிமன்றத்துக்கும் குறைந்துவிட்டது.

* முன்பணம்: 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வங்கி வழியாகவே வாங்குங்கள். நகராட்சி, மாநகராட்சி எல்லையிலும் அதை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்திலும் உள்ள விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி வரும். அதையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

மேல்மண்ணைத் தொடவிடாதீர்கள்

வேளாண் விஞ்ஞானியாக நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். கிரயம் முடியும்வரை நிலத்தின் சுவாதீனம் உங்களிடமே இருக்க வேண்டும். 'அளவுக்கல் நடுகிறோம், சமப்படுத்துகிறோம்' என்று ஜேசிபி இறங்கினால், முதலில் போவது மேல்மண். பயிரை வளர்க்கும் அங்ககச் சத்தும் நுண்ணுயிரும் அதிகம் இருப்பது மேலே உள்ள 15 முதல் 20 சென்டிமீட்டரில்தான். பேரம் முறிந்தால் முன்பணத்தைத் திருப்பிவிடலாம். அந்த மண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கிவிட்டால் நிலம் வயலாகவும் இருக்காது, மனையாகவும் ஆகியிருக்காது.

காத்திருப்பதே பலம்

பேரத்தில் ஜெயிப்பவர் அதிகம் பேசுபவர் அல்ல, காத்திருக்க முடிந்தவர். காத்திருக்க வேண்டுமானால் நிலம் அன்றாடச் செலவுக்காவது காசு தர வேண்டும். முளைக்கீரை 25 நாளில் அறுவடைக்கு வரும். வெண்டை 45 நாளில் காய்ப்புக்கு வரும். சென்னைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்குச் சந்தை தேடி அலைய வேண்டியதில்லை. தரிசைத் திருத்தி ஏதாவது ஒரு பயிரை நிறுத்துங்கள். நாளை விற்பதாக இருந்தாலும் இன்று பயிரிடுங்கள். பச்சையாக நிற்கும் வயலைப் பார்க்கும் தரகர் விலையைக் குறைத்துப் பேச யோசிப்பார்.

கையெழுத்துக்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் வரைவைக் காட்டுங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், குறைந்த வருமானம் உடையோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு.

நான் சந்தித்த விவசாயி அன்று கையெழுத்துப் போடவில்லை. 90 நாள் கெடு, கூடுதல் முன்பணம், கைமாற்றக் கூடாது என்று திருத்தித் தரச் சொன்னார். போன தரகர் திரும்பி வரவில்லை. சில வாரம் கழித்து மண் பரிசோதனை முடிவோடு போனேன். தரிசாகக் கிடந்த பாதியில் கீரை துளிர்த்திருந்தது.

"கல்யாணச் செலவுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றேன்.

"நகையை வெச்சிப் பாத்துக்கலாம் சார். நகைய மூட்டுடலாம். இத மூட்ட முடியுமா?" என்றார், வரப்பைக் காட்டி.