முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது போர்ட்டா, முகவரியா?

புதிய வீட்டு பிராட்பேண்ட் இணைப்புகள் எல்லாம் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை வைத்த கெடு, 2022 டிசம்பர் 31. கெடு எப்போதோ முடிந்துவிட்டது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் குழப்பம் மட்டும் தீரவில்லை. கோவையில் படிக்கும் பிள்ளைகள் வீட்டு லினக்ஸ் கணினிக்குள் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு நிரல் வழியாக நுழையப் பார்க்கிறார்கள். முகவரியும் சரி, போர்ட்டும் சரி. இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை.

‘தயார்’ என்று அதிகாரிகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இணைப்புக்கு ஐபிவி6-ஐத் தாங்கும் திறன் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த பழைய ரவுட்டர்களை மாற்றித் தர ‘முயல’ வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் வேறு வழியில்லை. பல இணைப்புகளில் ஒரே ஐபிவி4 முகவரியைப் பல வீடுகள் பங்கிடுவதால், வெளியிலிருந்து நேராக வர ஐபிவி6 மட்டுமே மிஞ்சுகிறது.

சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

ஐபிவி4 முகவரிக்குள் வெறும் புள்ளிகள்; முக்காற்புள்ளி போர்ட்டுக்கு மட்டும். 127.0.0.1:2222 என்றால் எங்கே வெட்டுவது என்பதில் ஐயமே இல்லை. ஐபிவி6-இல் முகவரியின் துண்டுகளைப் பிரிப்பதும் முக்காற்புள்ளிதான். தொடர்ந்து வரும் சுழியங்களை ஒரே ஒருமுறை :: என்று சுருக்கவும் செய்யலாம். ‘இதே கணினி’ என்பதற்கான முகவரி ::1. அதன் பின்னால் போர்ட்டை ஒட்டினால் ::1:2222. இது பிழையே அல்ல. முறையாக எழுதப்பட்ட இன்னொரு முகவரி! எஸ்எஸ்எச் ஒன்றும் சொல்லாமல் அந்த முகவரியை, வழக்கமான 22-ஆம் போர்ட்டில் தேடிப் போகும். பெயரோடு போர்ட்டை ஒட்டினாலாவது ‘இப்படி ஒரு பெயரே இல்லை’ என்று உடனே சொல்லிவிடும். எண் முகவரியில் அந்த எச்சரிக்கையும் கிடையாது.

இதற்கான விடை 1999-லேயே இணையப் பக்க முகவரிகளுக்கென (யூஆர்எல்) வகுக்கப்பட்டது: முகவரியைச் சதுர அடைப்புக்குள் வைப்பது. [::1]:2222 என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. எஸ்எஸ்எச் நிரலான ஓபன்எஸ்எஸ்எச், தான் சந்தித்த கணினிகளின் சாவிகளைச் சேர்த்து வைக்கும் கோப்பில், 22 அல்லாத போர்ட் என்றால் இதே வடிவத்தில்தான் குறித்து வைக்கிறது. அதையே கட்டளையில் வெறுமனே தட்டினால் ஏற்காது. 2018-இல் வந்த 7.7 பதிப்பு முதல், முன்னால் எஸ்எஸ்எச் என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் இருந்தால் ஏற்கும். ஊகித்து வெட்ட மறுப்பது நியாயம்; தவறான கணினிக்குக் கடவுச்சொல் போய்விடக் கூடாது. ஆனால் தான் எழுதும் வடிவத்தையே தான் வாசிக்க மறுப்பதற்கு நியாயம் சொல்வது கடினம்.

மற்ற கேள்விகள்:

போர்ட்டை எப்படிக் கொடுப்பது? எஸ்எஸ்எச்சில் சிறிய ‘பி’ (-p), கோப்பு அனுப்பும் எஸ்சிபியில் பெரிய ‘பி’ (-P).

ஏன் 22? 1995-இல், எஸ்எஸ்எச்சை உருவாக்கிய ஃபின்லாந்தின் தாத்து இலோனென் கேட்டு வாங்கிய எண். எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவே காலியாக இருந்தது.

போர்ட்டை மாற்றினால் பாதுகாப்பா? தானியங்கித் தொல்லை குறையும். பாதுகாப்பு வேண்டுமென்றால் கடவுச்சொல்லை விட்டுச் சாவிக் கோப்புக்கு மாறுங்கள்.

தினமும் இவ்வளவும் தட்ட வேண்டுமா? வேண்டாம், எஸ்எஸ்எச்சின் கன்ஃபிக் கோப்பில் ஒரு செல்லப் பெயரிட்டு, முகவரியையும் போர்ட்டையும் தனித்தனி வரியில் எழுதினால் போதும், அடைப்புக்குறியே தேவைப்படாது.