குதிரைக்குக் கணக்குத் தெரியுமா?

ஏழும் ஐந்தும் எத்தனை? நீங்கள் சட்டென்று பன்னிரண்டு என்பீர்கள். ஹான்ஸ் வாய் திறக்காது. முன்னங்காலால் தரையைப் பன்னிரண்டு முறை தட்டிவிட்டு நிறுத்தும். ஏனென்றால், ஹான்ஸ் ஒரு குதிரை!

1904-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பெர்லின் நகரில் இந்தக் குதிரையைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. அதை வளர்த்தவர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். ஆண்டுக்கணக்கில் பொறுமையாக அதற்குப் பாடம் நடத்தியிருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் அவர் காசு வாங்கியதில்லை.

"இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது" என்றார்கள் சிலர். உளவியல் அறிஞர் கார்ல் ஷ்டும்ஃப் தலைமையில் 13 பேர் கொண்ட குழு வந்து பார்த்தது. ஓஸ்டன் பக்கத்தில் இல்லாதபோது, வேறொருவர் கேட்டாலும் ஹான்ஸ் சரியாகத் தட்டியது. ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று குழு சொல்லிவிட்டது.

அப்படியானால் குதிரைக்குக் கணக்குத் தெரியும் என்று நம்பிவிடலாமா? மேலே படிக்காமல் ஒரு நிமிடம் யோசியுங்கள். நீங்களாக இருந்தால் எப்படிச் சோதிப்பீர்கள்?

ஷ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் வேறு மாதிரி யோசித்தார். 'விடை தெரிந்திருப்பது குதிரைக்கா, கேள்வி கேட்பவருக்கா?' இதைக் கண்டுபிடிக்க அவர் செய்த சோதனை அருமையானது. ஒருவர் குதிரையின் காதில் ஓர் எண்ணைச் சொல்வார். இன்னொருவர் வேறோர் எண்ணைச் சொல்வார். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் ஹான்ஸ் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை அங்கே நிற்கும் யாருக்கும் தெரியாதல்லவா? ஹான்ஸ் திணறியது; பெரும்பாலும் தப்பாகவே தட்டியது.

அடுத்து, கேள்வி கேட்பவர் குதிரையின் கண்ணில் படாதபடி அதன் கண்ணோரம் ஃபுங்ஸ்ட் மறைப்புக் கட்டினார். அப்போதும் ஹான்ஸ் தடுமாறியது. ஆக, குதிரை எதையோ பார்த்துத்தான் விடை சொல்கிறது!

ஃபுங்ஸ்ட் இப்போது குதிரையை விட்டுவிட்டு மனிதர்களைக் கவனித்தார். கேள்வி கேட்டதும் அவர்கள் தலை லேசாகக் குனிகிறது. சரியான எண்ணிக்கை வந்ததும் மயிரிழை அளவுக்குத் தலை நிமிர்கிறது. அவர்களுக்கே இது தெரியாது. ஹான்ஸ் அதைப் பார்த்துத்தான் காலை நிறுத்தியது. பிறகு ஃபுங்ஸ்ட் தானே குதிரையானார்! எதிரே இருப்பவர் மனதில் ஓர் எண்ணை நினைக்க வேண்டும். அவருடைய தலையசைவைப் பார்த்தபடி ஃபுங்ஸ்ட் கையால் தட்டி, அந்த எண்ணைச் சொல்லிக் காட்டினார்.

இந்தக் கதையில் யாரும் பொய் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள் நேரில் பார்த்துச் சொன்னதும் தவறாகலாம் என்பதுதான் இதில் உள்ள பாடம். புது மருந்தைச் சோதிக்கும்போது இன்றும் இதே எச்சரிக்கை உண்டு. யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது. கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

சந்தேகப்படுவது பாதி வேலை. அதைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடிப்பது மீதி வேலை. "அந்தக் கடை முறுக்குதான் ருசி" என்று உங்கள் வீட்டில் யாராவது அடித்துச் சொல்கிறார்களா? இரண்டு கடை முறுக்கையும் வாங்குங்கள். அவர் கண்ணைக் கட்டுங்கள். எடுத்துக் கொடுப்பவருக்கும் எது எந்தக் கடை முறுக்கு என்று தெரியக் கூடாது. பலமுறை செய்து பார்த்து, முடிவை எங்களுக்கு எழுதுங்கள்!