குடியை விட்டோர் கூடுமிடம்

விதுராவைக் கடந்து அகத்திய மலையின் அடிவாரம் நோக்கி ஏறும் பாதையில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் ஓரத்தே அமைந்தது போனக்காடு. ஆங்கிலேயர் காலத்தில் தேயிலை பயிரிட மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்னும் அங்குள்ள லயங்களில் வாழ்கின்றனர். தேயிலைத் தொழிற்சாலையின் ஓசை அடங்கிவிட்டது. மலையில் வேலை குன்றும்போது, உள்ள சிறு வருவாயையும் குடி விழுங்கத் தொடங்குவது தோட்டங்களை அறிந்தவர்க்குப் புதிதன்று.

இத்தகைய ஊரில் ஒருவர், ‘இனிக் குடிப்பதில்லை’ என்று உள்ளபடியே எண்ணிவிட்டார் எனக் கொள்வோம். அவர் எங்கே செல்வது? லயத்தில் ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவர். இங்கே இருமினால் அங்கே கேட்கும். குடித்தது ஊருக்குத் தெரியும் என்பதில் அவருக்குக் கூச்சமில்லை. விட முயன்று தோற்றது தெரிந்துவிடுமோ என்பதே அச்சம்.

இவரைப் போன்றோர்க்கென அமைந்ததே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் கழகம். பெயர் வெளியிடாத குடிநோயாளர் கழகம் என்று தமிழிற் கூறலாம். உறுப்பினர் யார் என்பதை அது எவர்க்கும் உரைப்பதில்லை. தேடிச் செல்வோர்க்கு முதலில் இது இடையூறாகவே தோன்றும். ஆனால் லயத்து மனிதர்க்கு வேண்டிய காவலும் இதுவேயன்றோ?

கழகம் பிறந்த வரலாறே ஒரு தேடலின் வரலாறுதான். 1935ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வணிகத்தின் பொருட்டு வந்த பில் வில்சன், காரியம் கைகூடாமல் விடுதியில் தனித்து நின்றார். குடியை விட்டு ஐந்து திங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் ஆரவாரம். மறு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை நாடினார். அங்கிருந்த தேவாலயப் பட்டியலைக் கொண்டு பாதிரிமாரை அழைத்தார். அவர் கேட்டது உபதேசமன்று. தம்மைப் போல் குடியால் துன்புறும் ஒருவரைக் காண வேண்டும் என்பதே. அவ்வாறு கிடைத்தவர் மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரமே இருப்பேன் என்று வந்த மருத்துவர், பல மணி நேரம் பேசிவிட்டுத்தான் எழுந்தார். அவர் கடைசியாகக் குடித்தது அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் என்பர். கழகம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவதும் அந்நாளையே. இந்தியாவில் 1957இல் புதுதில்லியில் அது வேர்கொண்டது.

இனி, தேடும் வழியைப் பார்ப்போம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் முதலில் நாட வேண்டியது கூட்டத்தையன்று, மருத்துவரையே. வீராப்பாகத் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை ஆகியவை தோன்றி உயிருக்கே தீங்காகலாம். இதைச் சொல்லாமல் குடியை விடச் சொல்வது தவறு என்றே கருதுகிறோம். விதுராவிலும் நெடுமங்காட்டிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் நிலைமையை மறைக்காமல் கூறுக. அங்கேயே, குடியை விட்டோர் எங்குக் கூடுகின்றனர் என்பதையும் கேட்கலாம். கேரள ஆயத்தீர்வைத் துறை 2016இல் தொடங்கிய ‘விமுக்தி’ இயக்கத்தை 14405 என்னும் எண்ணிலும், நாடு முழுமைக்குமான உதவியை 14446 என்னும் எண்ணிலும் கட்டணமின்றிப் பெறலாம்.

கேட்கும்போது மூன்று செய்திகளைத் தவறாது கேட்க வேண்டும்: எந்த நாள், எந்த மொழி, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்பன. திறந்த கூட்டத்திற்கு மனைவியும் மகனும் உடன் வரலாம். மூடியது குடிநோயாளர்க்கு மட்டும் உரியது. மொழியைப் பற்றிய வினா அற்பமன்று. மலையாளம் அறிந்த போனக்காட்டுத் தமிழரும் நெஞ்சிலுள்ள வெட்கத்தைத் தாய்மொழியிலேயே எளிதிற் கொட்டுவர். பெரும்பாலும் தேவாலயத்தின் பக்க அறையிலோ பள்ளியறையிலோ கூடுவதால், இது மதமாற்றக் கூட்டமோ என்று சிலர் ஐயுறுவதுண்டு. கழகம் எச்சமயத்தையும் சார்ந்ததன்று. கட்டணமும் இல்லை, உறுப்பினர் விரும்பி இடும் காசே செலவுக்காகும். குடியை விட வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே சேர்வதற்குரிய தகுதி. முதல் நாள் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வரலாம். குடும்பத்தார்க்கெனத் தனியே ‘அல்-அனான்’ என்னும் அமைப்பு 1951 முதல் உண்டு.

தொலைவு ஒன்றுதான் பெருந்தடை. மலையிலிருந்து நகரம் சென்று மீள ஒரு நாட்கூலி போய்விடும். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், நோயாளர் நகருக்கு வரட்டும் என்று காத்திராமல், திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாமிட்டுச் சிகிச்சை அளித்தது. ஊராரே உடனிருந்து தாங்கும் அம்முறை மலைத் தோட்டங்களுக்கும் பொருந்தும் என்பது எம் எண்ணம். மலைக்கு முகாம் வரும் வரையில், திங்களுக்கு இருமுறையேனும் நகரக் கூட்டத்திற்குச் சென்று வருபவர், இடைப்பட்ட மாலைகளில் தம்மைப் போன்ற இன்னொருவருடன் அமர்ந்து பேசலாம். ஆக்ரனில் அமர்ந்தவரும் இருவரே. அவர்கட்கு மண்டபமும் இல்லை, தலைவரும் இல்லை. லயத்தின் திண்ணையும் ஆளுக்கொரு குவளைக் கட்டஞ்சாயாவும் அதற்குப் போதும்.